கடைசிப் பத்து விநாடி

சலூன்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். லீவு நாளில் இனி நிற்பதில்லை.

இருபத்திரண்டு வருஷமாக நின்றே முடி வெட்டுகிறார். கால் நரம்பெல்லாம் கயிறு கயிறாகப் புடைத்துவிட்டது. வருகிறவன் எல்லாம் நாற்காலியில் சாய்ந்து குறட்டை விடுகிறான். அவர் ஒரு நாள்கூட அதில் உட்கார்ந்ததில்லை. முதலாளி முறைப்பார்.

இப்போது, மூடிப்போன ஏதோ ஒரு சலூனின் நாற்காலி ஆன்லைன் ஏலத்துக்கு வந்திருந்தது. சிவப்பு ரெக்சின். மிதித்தால் ஏறும், இழுத்தால் சாயும். அதை ஹாலில் போட்டு நாள் பூராவும் படுத்துக் கிடக்கணும். ஆசை அவ்வளவுதான். மனைவியிடம் மூச்சு விடவில்லை. விட்டால் ஆசை அங்கேயே செத்துப்போகும்.

பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு மச்சினனுக்குப் போன் போட்டார்.

"மாப்ளே, ஏலத்துல முதல்லயே வாயைத் திறக்கக் கூடாது. ஆசை தெரிஞ்சா விலை ஏறிடும். கடைசிப் பத்து செகண்டுல அடிக்கணும்."

"எவ்வளவு மாமா?"

"எட்டாயிரத்துப் பதினேழு. எல்லாப் பயலும் எட்டாயிரத்தோட நிப்பான். நாம பதினேழுல தூக்கிடுவோம். உங்கக்காகிட்ட உளறாதே."

மறுநாள் மதியம். பாதி வெட்டிய தலையை அப்படியே விட்டுவிட்டுப் போனை எடுத்தார். விலை ஐயாயிரத்தில் நின்றது. பன்னிரண்டு விநாடி. பதினொன்று. பத்து. அடித்தார்.

யாரோ எட்டாயிரத்துப் பதினெட்டு. நேரம் முடிந்தது.

"அண்ணே, இந்தப் பக்கம் எப்ப வெட்டுவீங்க?" என்றது பாதித் தலை.

மூன்றாம் நாள் லீவு. கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தால், ஹாலில் சிவப்பு நாற்காலி. அதில் மனைவி, சாய்ந்தபடி.

"இது எப்படி வந்துச்சு?"

"ஏலத்துல எடுத்தேன். இதுக்கு மேல போகாதேன்னு ஒரு விலையைப் போட்டுட்டுத் தூங்கப் போயிட்டேன். யாராவது கூடக் கேட்டா அதுவே ஏத்திக்குமாம்."

"எட்டாயிரத்துப் பதினெட்டா?"

"பாத்ரூம்ல பேசினா ஊருக்கே கேக்கும்ங்க. நானும் ஐயாயிரத்துல முடிஞ்சிடும்னு பார்த்தேன். எவனோ ஒரு கிறுக்கன் கடைசியில வந்து மூவாயிரத்தை ஏத்திவிட்டுட்டான்."

கிறுக்கன் தரையைப் பார்த்தார். கால் வலித்தது.

"சரி, எழுந்திரு. கொஞ்ச நேரம் சாயறேன்."

"நீங்களா? அந்த மூவாயிரத்தை யாரு எடுக்கறது? மாடி வீட்டுக்காரர், எதிர்வீட்டு அண்ணன், அவர் பையனுங்க மூணு பேரு, எல்லாரையும் வரச் சொல்லியாச்சு. அதுக்குள்ள எனக்கு நுனியை மட்டும் வெட்டி விடுங்க."

காலிங் பெல் அடித்தது.

அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். துண்டை உதறினார்.

"அடுத்து யாரு?" என்று வாய் தானாகவே கேட்டது.