ஒரே கண், மூன்று சீட்டு

தேகு என்ற கொரிய நகரில் அதிர்ஷ்டம் மூன்றாம் மாடியில் கிடைத்தது. காலை எட்டு மணிக்கே வரிசை படிக்கட்டில் இறங்கி, கீழே பொரித்த கோழிக் கடையின் கதவை மறித்து நின்றது. எல்லோருக்கும் தொப்பி, முகக்கவசம். நம் விதி நமக்குத் தெரிய வேண்டும். நாம் வந்தது பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது.

உள்ளே இருப்பவர் பேக் ஆசான். முகம் பார்த்துப் பலன் சொல்பவர்கள் நெற்றி, மூக்கு, காது என்று நேரம் கடத்துவார்கள். இவர் கண்ணை மட்டும் பார்ப்பார். நடுவில் கறுப்புத் திரை. அதில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு திறப்பு. வந்தவர் அங்கே கண்களை வைக்க வேண்டும்.

"உடுப்பு ஏமாத்தும், முகம் ஏமாத்தும். கண்ணு ஏமாத்தாது" என்பார் ஆசான்.

எவ்வளவு நேர்மை! அதற்கு முன் வயது, வேலை, கல்யாணம், குறை எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். சீட்டு பார்லி டீத் தட்டோடு உள்ளே போகும். ஆசான் சொல்லும் பலன் ஒலிபெருக்கி வழியே கூடம் முழுக்கக் கேட்கும். அடுத்தவர் விதியைக் கேட்டால்தானே நமக்கும் பயம் வரும்.

பரிகாரம் ஒரு மாடி மேலே. கொரிய மொழியில் நாலும் சாவும் ஒரே ஒலி என்று பயந்து, லிஃப்டில் நாலாம் பொத்தானுக்கு 'எஃப்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த எஃப் மாடியில் கண்ணழகு மருத்துவமனை. நாலு என்று சொல்லவே கூசியவர்கள், நாலாம் மாடியில் படுத்து அதிர்ஷ்டம் தைத்துக்கொண்டார்கள்.

நாரேக்கு இருபத்தைந்து வயது. மூன்று கம்பெனிகளில் கடைசி நேர்முகத் தேர்வு வரை போய்த் தோற்றவள். அவள் தாய் ஓக்சுன், தேர்வு நாளில் வழுக்கிவிடும் என்று கடற்பாசி சூப் வைக்காதவர். அப்படியும் வழுக்கியதால் திங்கட்கிழமை மகளை ஆசானிடம் கூட்டிப் போனார்.

"கதவு சாத்தின கண்ணு. வேலை வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போகுது" என்றார் ஆசான். "வெள்ளிக்கிழமைக்குள்ள மேலிமையில தைச்சு மடிப்பு வைங்க."

ஓக்சுன் எஃப் மாடியில் வெள்ளிக்கிழமைக்கு இடம் பிடித்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

புதன்கிழமை அக்கா ஹேவோன் வந்தாள். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அதிகம் பேச மாட்டாள்.

"உனக்கு மடிப்பு வேணுமா, நாரே?"

"தெரியலக்கா. ஒரு நாள் கண்ணாடி பாத்தா வேணும்னு தோணுது. மறுநாள் இதுவே நல்லாத்தான் இருக்குன்னு தோணுது."

"தழும்பு விழுமா, எத்தனை நாள் வீங்கும்னு டாக்டர்கிட்ட கேட்டியா?"

"டாக்டரை இன்னும் பாக்கவே இல்ல. ஆசான்தான் நாள் குறிச்சார்."

"அவரைக் கிண்டல் பண்ணாதடி" என்றார் ஓக்சுன். "நாங்க வாயே திறக்கல. மூணு இன்டர்வியூ போச்சுன்னு புட்டுப் புட்டு வச்சார்!"

"சீட்டுல என்னம்மா எழுதினே?"

"அது... சும்மா பதிவுக்குத்தானே."

ஹேவோன் சிரிக்கவில்லை. "எங்க கூடத்துல ஒரு மிஷின் மேல சந்தேகம் வந்தா, ஒரே தண்ணிய மூணு பாட்டில்ல ஊத்தி, வேற வேற பேர் எழுதி ஒட்டிக் குடுப்போம். மூணு விதமா பதில் வந்தா, கோளாறு தண்ணில இல்ல. நாளைக்கு மூணு பேரும் போவோம். நீயே உன் காதால கேளும்மா."

வியாழக்கிழமை நாரே முதல் சீட்டில் எழுதினாள்: வயது முப்பத்திரண்டு, திருமணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. திறப்பில் கண்களை வைத்தாள்.

"ஐயோ பாவம்!" என்றது ஒலிபெருக்கி. "மேலிமை அமோகம், கை வைக்கவே கூடாது. கீழிமைதான் வத்திப்போன குளம். எஃப் மாடியில நிரப்பிக்கோங்க."

வரிசையில் நின்ற ஒரு பெண் தன் கீழிமையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

நாரே வெளியே வந்தாள். கழிவறையில் கோட்டையும் தொப்பியையும் அக்காவோடு மாற்றிக்கொண்டு மறுபடி வரிசையில் நின்றாள். இரண்டாம் சீட்டு: துணிக்கடை, நஷ்டம்.

"கீழிமை செழிப்பா இருக்கு. ஆனா கண்ணோரம் ஓட்டை! வர்றதெல்லாம் அது வழியா ஒழுகுது. எஃப் மாடியில ஓரத்தைத் தைங்க."

திரைக்கு இப்பால் நின்ற ஹேவோன் பணிவாகக் கேட்டாள். "ஆசானே, இதே மாதிரிக் கண்ணு இதுக்கு முன்ன பாத்திருக்கீங்களா?"

"இப்படி ஒழுகுற கண்ணையா? இந்த ஊர்லயே பாத்ததில்ல!"

கூடம் "அடடா" என்றது.

நாரே முகக்கவசத்தைக் கழற்றித் திரையை விலக்கினாள். "திங்கக்கிழமை பாத்தீங்க ஆசானே, கதவு சாத்தின கண்ணுன்னு. இன்னைக்குக் காலையில வத்தின குளம். இப்ப ஓட்டை. மூணும் நான்தான்."

ஆசான் டீயை ஒரு மிடறு விழுங்கினார். "ஒரே கண்ணுல மூணு விதி இருக்கலாம், பாப்பா."

"இருக்கட்டும்" என்றாள் ஹேவோன். "வெளிய முப்பது பேர் நிக்கிறாங்க. சீட்டு இல்லாம, கண்ணை மட்டும் பாத்து, யார் யாருக்குக் கல்யாணம் ஆச்சுன்னு சொல்லுங்க. பாதி சரியா இருந்தாக்கூடப் போதும்."

"இன்னைக்கு... நாள் சரியில்ல."

"நீதானேய்யா நாள் குறிக்கிறவன்!" மைக் அருகே வந்துவிட்ட ஓக்சுனின் குரல் ஒலிபெருக்கியில் கூடத்தை அதிர வைத்தது.

யாரோ சிரித்தார்கள். பிறகு யாரோ தன் சீட்டைத் திருப்பிக் கேட்டார்கள். பிறகு எல்லோரும் கேட்டார்கள். வரிசை படிக்கட்டில் இறங்கிக் கரைந்தது. கோழிக் கடைக்காரருக்குக் கதவு திரும்பக் கிடைத்தது. இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். "மூக்குப் பலன் பாப்பீங்களா?" என்று கேட்கத்தான்.

நாரே லிஃப்டில் ஏறி எஃப் பொத்தானை அழுத்தினாள். ஓக்சுன் பதறினார். "இன்னும் எதுக்குடி அங்க?"

"நாளைய இடத்தை ரத்து பண்ண. வேணும்னு எனக்கே தோணினா, வேற நல்ல டாக்டரைப் பாத்து, கேக்க வேண்டியதைக் கேட்டுட்டுப் பண்ணிக்குவேன். தோணலேன்னா விட்டுடுவேன்."

ஓக்சுனும் லிஃப்டில் ஏறினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இருந்தாலும், மூணு இன்டர்வியூ போனது அவருக்கு எப்படித்தான்டி தெரிஞ்சுது?"

ஹேவோன் அம்மாவின் கைப்பையிலிருந்து, திருப்பி வாங்கிய திங்கட்கிழமைச் சீட்டை எடுத்து நீட்டினாள். மூன்று நேர்முகத் தேர்வில் தோல்வி என்று அம்மாவின் உருண்டை எழுத்து.

இமையில் மடிப்பு வைப்பதும் வைக்காததும் அவரவர் விருப்பம். ஆனால், உங்கள் கதையை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டு, அதைத் திரும்ப வாசிப்பவனிடம் "எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று வாயைப் பிளக்காதீர்கள். கையெழுத்து யாருடையது என்று ஒரு முறை பாருங்கள்.