மாப்பிள்ளை காரும் பேட்டரி விளக்கும்

ஒரு வீட்டின் மூத்த மாப்பிள்ளைக்குத் தெரியாத விஷயம் எதுவும் இருக்கக் கூடாது. தெரியாவிட்டாலும் யாரிடமும் கேட்கக் கூடாது. நான் கேட்கவில்லை.

என் மனைவியின் தம்பி துபாய்க்குக் கிளம்பும்போது, தன் புதுக் காரை உத்திரமேரூர் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போனான்.

"மாமா, சும்மாவே நின்னுக்கினு இருந்தா பேட்டரி பூடும். அப்பப்ப ஸ்டார்ட் பண்ணி வைங்க. என் மாப்பிள்ளை அழைப்பே இதுலதான்."

மறுநாளே சாவியைத் திருப்பினேன். பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. ஆகா, சார்ஜ் ஏறுகிறது! (என் செல்போனில் அப்படித்தான்.) இன்ஜினை ஸ்டார்ட் செய்தேன், விளக்கு அணைந்துவிட்டது. ஐயோ, சார்ஜ் நின்றுவிட்டதே என்று பதறி இன்ஜினை நிறுத்தினேன். அன்று முதல் சாவியை மட்டும் திருப்பி வைத்துவிட்டுச் சாப்பிடப் போவேன். டீசலும் மிச்சம். சில நாட்களில் விளக்கு எரியவே இல்லை. "ஃபுல் சார்ஜ்" என்று மனைவியிடம் பெருமையடித்துவிட்டு, அதன்பிறகு காரைத் தொடவே இல்லை.

மச்சான் துபாயிலிருந்து கல்யாணத்துக்கு வந்து சேர்ந்தான். கல்யாணம் எங்கள் ஊர் மண்டபத்தில். முதல் நாள் மாலை, வாசலில் நின்ற காருக்குப் பூ அலங்காரம் செய்து, மச்சான் கோட்டு சூட்டோடு ஏறி உட்கார்ந்தான். பேண்டு முழங்கியது. கார் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"மாமா, இன்னா பண்ணி வெச்சீங்க?"

பெருமையாக விளக்கினேன். மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டான். "அந்த லைட்டு எரிஞ்சா சார்ஜ் ஏறலன்னு அர்த்தம் மாமா!"

பேண்டுக்காரர்கள்கூடத் தள்ளிப் பார்த்தார்கள். இன்ஜின் மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை. மண்டபத்தில் பெண் வீட்டார் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார்கள். குடும்ப மானமே போகப்போகிறது, அதுவும் என்னால். அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு டிராக்டர் வயல் சேற்றோடு வந்தது. கயிறு கட்டிக் காரை இழுத்துக்கொண்டு மண்டப வாசலில் போய் நின்றோம்.

"இன்னா சம்பந்தி, வண்டி ரிப்பேரா?" என்றார் பெண்ணின் அப்பா.

என் மாமனார் கண்ணைக்கூட இமைக்கவில்லை. "ரிப்பேரா? வெவசாயக் குடும்பம் சம்பந்தி. டிராக்டர் இழுத்துக்கினு வந்தாதான் எங்க வூட்டுப் புள்ள மண்டபத்துல கால வெப்பான். அதான் எங்க வழக்கம்."

அவ்வளவுதான், முதல் ஆரத்தி டிராக்டருக்கு.

அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் எந்த மாப்பிள்ளையும் சொந்த இன்ஜினில் மண்டபம் போய்ச் சேர்ந்ததில்லை. கார் நன்றாக ஓடினாலும் கயிறு கட்டியாக வேண்டும். ஒரு கல்யாணத்தில் டிராக்டரே பாதி வழியில் நின்றுவிட்டது. "இதுக்கு இன்னா மொறை?" என்று கேட்டார்கள். மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மூத்த மாப்ள தள்ளணும்."

தள்ளினேன். இப்போதெல்லாம் நன்றாக ஓடுகிற டிராக்டரையே பாதி வழியில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுகிறார்கள்.