வரிப் படிவத்தில் பிறந்த பிள்ளை

நான் தகப்பனானது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குமார் நாலாவது தோசைக்குத் தட்டை நீட்டியபோது. மூன்றாவது தோசை வரைக்கும் எனக்கு அப்படி ஓர் எண்ணமே இல்லை.

குமார் என் அக்கா மகன். ஏழு வயது. நல்லம்பள்ளியிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அவர்கள் ஊரில் பள்ளிக்கூடம் சரியில்லை என்று, தருமபுரியில் வங்கிக் குமாஸ்தாவாக இருந்த என் வீட்டில் விட்டிருந்தார்கள். தருமபுரி தனி மாவட்டமாகிச் சில வருஷங்களே ஆகியிருந்த சமயம். எனக்கும் சரோஜாவுக்கும் கல்யாணமாகி ஒன்றரை வருஷம், குழந்தை இல்லை. குமாருக்குச் சோறு, சட்டை, சிலேட்டு எல்லாம் நாங்கள்தான். அந்த வாரம் வங்கியில் வருமான வரிப் படிவம் கொடுத்திருந்தார்கள். அதில் ‘சார்ந்து வாழும் குழந்தைகள்’ என்று ஒரு கட்டம். பிள்ளை உள்ளவனுக்கு வரியில் கொஞ்சம் சலுகை. நான் நாலாவது தோசையைப் பார்த்தேன். ஒரு பிள்ளை ஒருவனை இதைவிட எப்படிச் சார்ந்து வாழ முடியும்?

“சரோஜா, இவனை நம்ம பையன்னு எழுதிட்டா என்ன?”

“அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.”

(கேட்டிருக்கலாம். ஆனால் நான் பி.ஏ. படித்தவன். யாரிடமும் எதையும் கேட்கும் பழக்கம் அப்போது கிடையாது.)

மறுநாள் தலைமைக் குமாஸ்தா என் படிவத்தை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். மறுபடி இறக்கினார்.

“உங்க கல்யாணத்துல நான் வந்து சாப்பிட்டிருக்கேனுங்களே. ஒன்றரை வருஷம் இருக்குமா?”

“ஆமாங்க.”

“பையனுக்கு ஏழு வயசு.”

“ஆமாங்க.”

“நல்ல சுறுசுறுப்புங்க உங்களுக்கு.”

மூன்று மேஜைகளில் பேனா நின்றது. காது சிவக்க விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். “அக்கா பையனுக்கெல்லாம் சலுகை கிடையாதுங்க. முறையாத் தத்து எடுத்திருந்தாத்தான் ஆகும்” என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

புத்தியுள்ளவன் அந்த வரியை அடித்திருப்பான். நான் ‘மகன்’ என்பதற்கு முன்னால் ‘தத்து’ என்று சேர்த்தேன். பெற்றோர் பெயர், ஊர், தபால் நிலையம் எல்லாவற்றையும் குண்டு குண்டாக எழுதினேன். மனசுக்குள் தத்து எடுத்து முடித்து வெகுநேரம் ஆகிவிட்டது. எழுதுவதுதான் பாக்கி என்று நினைப்பு. படிவம் மற்றவர்களுடையதோடு சேர்ந்து சேலத்துக்குப் போனது.

சேலத்தில் எங்கள் மேலிடத்தில் யாரோ ஒருவர் உண்மையிலேயே வேலை செய்கிறவராக இருந்துவிட்டார். ‘மேற்படி சிறுவனை இன்னாருக்குத் தாங்கள் தத்துக் கொடுத்தது உண்மைதானா என்பதைத் தெரிவிக்கவும்’ என்று அக்கா வீட்டுக்காரருக்கு அவர் கடிதம் போட்டார். மாமாவுக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவருக்குத் தபால்காரரே உரக்கப் படித்துக் காட்டினார். கேட்டது பாதி ஊர்.

மறுநாள் பதினோரு மணிக்கு, கவுண்டரில் கூட்டம் நிற்கும்போது, அக்கா உள்ளே வந்தாள். பின்னால் மாமா. அவர் கையில் குமாரின் தகரப்பெட்டி. வழியில் என் வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பையனையும் கூட்டிக்கொண்டால் அவன் படிப்பு அன்றோடு சரி.

“எம் புள்ளைய எப்படா உனக்குத் தூக்கிக் குடுத்தேன்?”

“அக்கா, அது சும்மா காயிதத்துலதான்...”

“வூட்டுப் பத்திரமுங்கூடக் காயிதந்தான். அதையும் சும்மா எழுதிக் குடுத்துருவியா?”

வரி, சலுகை, கட்டம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்:

“குமாரு உனக்கு மகன்னா, நாளைக்கு உனக்குப் பொறக்கற பொண்ணுக்கு என்ன ஆவான்?”

பி.ஏ. படித்த மூளை சற்று நேரம் எடுத்துக்கொண்டது.

“அண்ணன்.”

“கேட்டுக்குங்க சாமி” என்று அக்கா தலைமைக் குமாஸ்தா பக்கம் திரும்பினாள். “தம்பி மகளத்தான் எம் பையனுக்குக் கட்டறதுன்னு, அவன் பொறந்த அன்னிக்கே நெனச்சு வெச்சிருக்கேன். எந்தம்பி சர்க்கார் காயிதத்துல மொறையையே மாத்திப்புட்டான்.”

வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையில், அங்கிருந்த ஒருவரும் இனி என்னிடம் பணம் கட்டமாட்டார் என்று பட்டது. “மொறை தப்புனா தப்புதானுங்களே” என்றார் ஒரு பெரியவர், பாஸ்புத்தகத்தை மடியில் செருகியபடி.

மாமா மட்டும் மெதுவாகச் சொன்னார்: “மாப்ள, பையன் உங்க வூட்ல இருந்து படிக்கணும்னுதான் எனக்கும். இவ பொட்டியத் தூக்கச் சொல்லிட்டா. ஏதாச்சும் எழுதிக் குடுத்து முடிச்சு விடுங்க.”

“என் கண்ணு முன்னால எழுதணும்” என்றாள் அக்கா. “புள்ளை இல்ல, மருமகன்னு எழுதணும்.”

எழுதினேன். பெட்டி மாமா கையிலேயே இருந்ததால் வாசகத்தைப் பற்றி யோசிக்க நேரமில்லை. ‘மேற்படி சிறுவன் என் மகன் அல்லன் என்றும், எனக்கு இனிமேல் பிறக்கவிருக்கும் மகளுக்குக் கணவனாக வரவிருப்பவன் என்றும் இதன்மூலம் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’ தலைமைக் குமாஸ்தா அதை அக்காவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டி, முத்திரையும் குத்தினார். மாமா பெட்டியைக் கீழே வைத்தார்.

இரண்டு வாரத்தில் சேலத்திலிருந்து பதில் வந்தது. ‘தங்கள் கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது. சலுகை ரத்து செய்யப்படுகிறது. மேற்படி மகள் பிறந்தவுடன் பிறப்புச் சான்றின் நகலை அனுப்பி வைக்கவும்.’

குமார் இப்போது எங்கள் வீட்டிலிருந்தே ஒன்பதாவது படிக்கிறான். எங்களுக்குப் பிறந்தவை இரண்டும் பையன்கள். பொங்கலுக்குப் பொங்கல் அக்கா வந்து, “சர்க்காருக்கே எழுதிக் குடுத்தியே, எங்கடா எம் மருமக?” என்பாள். “கையெழுத்துப் போட்டவரே பெத்துக் குடுக்கட்டும் அண்ணி” என்பாள் சரோஜா. குமார் உட்பட எல்லோரும் சிரிப்பார்கள்.

போன மாதம் அக்காவுக்கு ஒரு பெண் பிறந்திருக்கிறது. என் பெரியவனைக் காட்டி, “எப்படியோ நேராயிடுச்சு, சேலத்துக்கு ஒரு திருத்தம் எழுதிப் போட்டுரு” என்கிறாள். எழுதத்தான் போகிறேன். இந்தத் தடவை சரோஜாவிடம் காட்டிவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பேன். என் பேனாவை அவள் எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்துவிட்டால் போதும்.