அம்புக்குறி அண்ணனும் சாப்பு மேசையும்

பினாங்கில் எந்தப் பொருளும் காரணமில்லாமல் நகரக் கூடாது என்று நம்பிய ஒரே மனிதர் அம்புக்குறி அண்ணன். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், சாம்பார் வாளி எந்தப் பக்கமிருந்து வர வேண்டும் என்று இலையில் ரசத்தால் அம்புக்குறி போட்டுக் காட்டுவார். அப்பளம் நமுத்துவிடும், விளக்கம் முடியாது.

ஜார்ஜ்டவுனில் எங்கள் சரக்கு அனுப்பும் கம்பெனிக்கு அவர்தான் திட்ட மேலாளர். முதலாளி புதிய கணினி சிஸ்டம் வாங்கினார். ஆர்டரைத் திரையில் அனுமதித்தால் போதும், மாக் மண்டினில் உள்ள கிடங்கிலிருந்து லாரி கிளம்பலாம். ஆனால் ‘சாப்பு’ என்கிற ரப்பர் முத்திரை விழாத தாளை எங்கள் ஆட்கள் நம்புவதில்லை. திரையில் அனுமதித்ததை அச்சடித்து, சாப்பு மேசையில் இருக்கும் லெட்சுமி அக்காவிடம் முத்திரை வாங்கி, ஸ்கேன் செய்து, மறுபடியும் அதே சிஸ்டத்தில் ஏற்றினோம். சரக்கு முன்பைவிடத் தாமதமாகப் போயிற்று.

“புதுசு வாங்கியும் ஏன் ஸ்லோ?” முதலாளி கத்தினார்.

“புதுக் காரு, கெரெத்தா வாங்கிட்டீங்க பாஸ். எங்க போறோம்னு சொல்லவே இல்லையே லா,” என்றார் அண்ணன். “இன்னைக்கு வந்த ஆர்டர் இன்னைக்கே போகணும். அதுக்கு உதவாத வேலையெல்லாம் எடுத்துடுவோம்.”

சுவர் முழுக்கத் தாள் ஒட்டி அம்புக்குறி வரைந்தார். முதலில் என் வாராந்தர அறிக்கை அடிபட்டது.

“தம்பி, இத யாரு படிக்கிறா?”

“நீங்கதாண்ணே.”

“நான் படிச்சதே இல்லையே!”

கடைசியில் பேனா சாப்பு மேசையில் வந்து நின்றது. அக்கா ஒற்றை ஆளாக மகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். மேசை போனால் சம்பளமும் போகும்.

“சிஸ்டம் வந்தும் ஆள் குறையலன்னா எப்படி?” என்றார் முதலாளி.

அண்ணன் தாளில் இருந்த சாப்பு மேசையைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். அக்காவின் பெயரிலிருந்து வாடிக்கையாளர் தொலைபேசிக்கு ஓர் அம்புக்குறி இழுத்தார்.

“லேட்டானா ஏன்னு சிஸ்டம் சொல்லாது பாஸ். மனுஷன்தான் சொல்லணும்.”

“அப்ப யாரக் குறைக்கிறது?”

“எல்லாம் ஓட ஆரம்பிச்சிட்டா, திட்டம் போடுற ஆள் எதுக்கு?”

தன் பெயரை அடித்தார். முதலாளி சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் போய்விட்டார். ஓய்வை நெருங்கும் வயதில் வேறு யாரும் அவரை வேலைக்கு எடுக்கவில்லை. பட்டர்வொர்த் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார். எங்கள் சரக்கு இப்போது அன்றன்றே போகிறது.

வாரம் ஒருமுறை அவர் அக்காவுக்குப் போன் செய்கிறார்.

“என் சாமான் கிளம்பிருச்சாம்மா?”

அவர் எங்களிடம் எந்தச் சாமானும் கொடுத்ததில்லை. அக்காவும் ஆர்டர் எண் கேட்பதில்லை.

“இன்னும் இல்லண்ணே. அடுத்த வாரம் கண்டிப்பா கூப்பிடுங்க. சாப்பிட்டீங்களா?”