ஸ்தனிஸ்லாஸின் பலவீனம்

"இந்தப் பச்சை வேணாம்மா. உங்களுக்கு எடுக்காது."

சொன்னவர் மயிலாப்பூர் மாட வீதிப் பட்டுக்கடையின் விற்பனையாளர் ஸ்தனிஸ்லாஸ். கேட்ட அம்மாள் நன்றி சொல்லிவிட்டு வெறுங்கையோடு படியிறங்கினார்.

மேனேஜர் மதிவாணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இது கடையா, பாவமன்னிப்புக் கூண்டா? இந்த மாசம் பத்துப் பட்டாவது போகணும். இல்லேன்னா கொட்டிவாக்கம் குடோனுக்குக் கிளம்பிடுங்க."

ஸ்தனிஸ்லாஸ் நிஜமாகவே பயந்துபோனார். பத்தொன்பது வருடம் மனித முகங்களைப் பார்த்து நின்றவர். குடோனில் பேச்சுத்துணைக்கு எலிதான் உண்டு.

அவருக்கு விற்கக் கற்றுக்கொடுக்க, பயிற்சியாளர் ஷண்முகப்ரியாவை வரவழைத்தார் மதிவாணன். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேர வகுப்பு.

"கேக்கறதுக்கு முன்னாடியே உண்மையைச் சொல்லிடறீங்க. அதான் உங்க பலவீனம். எதை எடுத்தாலும் பாராட்டுங்க."

மறுநாள் எல்லாப் புடவையையும் பாராட்டினார்.

"இருவது புடவையும் சூப்பரா கீதுன்னா, நான் எதைத்தான் எடுக்கறது?" என்று வந்தவள் எழுந்து போனாள்.

"வெறும் வார்த்தை போதாது. தோள்ல போட்டுக் காட்டுங்க" என்றார் ஷண்முகப்ரியா.

மயில்கழுத்து நிறத்தைப் போட்டுக்கொண்டு நின்றார். வந்த பெண்ணின் கணவர் நிதானமாகப் பார்த்தார். "உனக்கு வேணாம் ரத்னா. அவருக்குத்தான் அமைஞ்சிருக்கு."

"சரி, பார்த்துட்டு வரேன்னு சொல்றவங்களை விட்டுடாதீங்க. கூடவே இருங்க" என்றார் ஷண்முகப்ரியா அடுத்த நாள்.

அப்படிச் சொன்ன ஒரு பெண்ணோடு ஸ்தனிஸ்லாஸ் கூடவே போனார், பக்கத்துக் கடை வரை. அங்கே அந்தப் பெண் ஒரு அரக்குச் சிவப்பை எடுத்துத் தயங்க, இவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இதை எடுத்துக்கோங்கம்மா. உங்களுக்குன்னே நெய்ஞ்சது."

அவள் உடனே வாங்கிவிட்டாள். பக்கத்துக் கடைக்காரர் இவருக்கு ஒரு காப்பி வரவழைத்தார்.

திரும்பி வந்தவரிடம், கீழே பில் போடும் டோரதி, "எங்க போய்க்கினு வர்றீங்க?" என்று கேட்டாள்.

ஒவ்வொரு வகுப்பின் கடைசியிலும் ஷண்முகப்ரியா, "நான்தான் கஸ்டமர். வித்துக் காட்டுங்க" என்பார். களைத்துப்போன ஸ்தனிஸ்லாஸ் பாடத்தையெல்லாம் மறந்துவிடுவார். "ரோஸ் வேணாம் மேடம், வயசைக் கூட்டும். அந்த வெங்காயச் சருகு நிறம் பாருங்க." ஷண்முகப்ரியா உச்சுக்கொட்டி, நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு இறங்கிப் போவார். அந்த நோட்டைப் பார்த்தாலே இவருக்குக் குடோன் எலி ஞாபகம் வரும்.

மாதக் கடைசியில் மதிவாணன் கூப்பிட்டார். குடோன்தான் என்று சாப்பாட்டுப் பையைக்கூடக் கையோடு எடுத்துக்கொண்டு போனார் ஸ்தனிஸ்லாஸ்.

"பன்னெண்டு பட்டு, எல்லாம் உங்க பேர்ல பில் ஆயிருக்கு. பாத்தீங்களா, பலவீனத்தைத் திருத்தினா மனுஷன் எங்க போயிடறான்."

ஒன்றும் புரியாமல் இறங்கி வந்தவர் டோரதியிடம் கேட்டார். "யார்மா வாங்கினாங்க பன்னெண்டு?"

"உங்க டீச்சரம்மாதான். பொண்ணுக்குக் கல்யாணமாம். நீங்க சொல்ற புடவை நம்பரையெல்லாம் அந்த நோட்டுலதான் எழுதிக்கினு வருவாங்க."