தேவாங்கு கேமரா வாங்கப் போன கதை

ஒரு காட்டில் ஒரு தேவாங்கு இருந்தது. ராஜா சிங்கம் எங்கே என்று கேட்காதீர்கள். இது பொதிகை மலைப் பக்கத்துக் காடு, இங்கே சிங்கமெல்லாம் கிடையாது. ராஜா இல்லாமலேயே எல்லாரும் ஒருவரை ஒருவர் நச்சரித்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார்கள்.

தேவாங்கின் பெயர் கோமதிநாயகம். பார்த்த வேலை எதிலும் அது நிலைத்ததில்லை. தபால் கொடுக்கப் போனால், கல்யாண வாழ்த்து போய்ச் சேருவதற்குள் அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கும். தண்ணீர்த்துறையில் டோக்கன் கிழிக்க உட்காரவைத்தார்கள். வரிசை மலையைச் சுற்றி வந்து, கடைசியில் நின்ற எருமை முதலில் நின்ற மானை முட்டியது. அவ்வளவு நிதானம். ஆனால் அசையாமல் உட்கார்ந்து ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னால் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதனால்தான் பக்கத்து மரத்து மலையணில் ஆவுடை, தன் கல்யாணம் நிச்சயமானதும் நேராக அதனிடம் வந்தது.

"யண்ணே, என் கல்யாணத்துக்கு நீங்கதான் போட்டோ எடுக்கணும். காக்கா போன்ல எடுத்தா எல்லாரையும் வெள்ளையாக்கிருதான். போன மாசம் காட்டுப்பன்னி வீட்டுக் கல்யாணத்துல மாப்பிள்ளை எது, சுவரு எதுன்னே தெரியல."

"எங்கிட்ட கேமரா கிடையாதே, தங்கச்சி."

"வாங்குங்க. இன்னும் ஒரு மாசம் கிடக்குல்லா? ஒரே ஒரு படம் நல்லா வந்தாப் போதும். ஆயுசுக்கும் அதப் பாத்துக்கிட்டே இருப்பேன்."

கோமதிநாயகம் சரி என்று தலையாட்டியது. அதை நம்பி, தானாகத் தேடிவந்து வேலை கொடுத்த முதல் ஜீவன் ஆவுடைதான். இதிலும் சொதப்பினால் காட்டில் தலைகாட்ட முடியாது என்பதுகூடப் பெரிதில்லை. ஆவுடை முகத்தில் எப்படி விழிப்பது?

மூங்கில் புதரோரம் கேமரா கடை வைத்திருந்தது பிச்சாண்டி என்ற நரி. நரி என்றதும் நமுட்டுச் சிரிப்பு சிரிக்கிறீர்கள். பிச்சாண்டி யோக்கியமான நரி. அதுதான் அதன் வியாபாரத்தைக் கெடுத்தது.

"வே, முதல் கேமராவுக்கு ரொம்ப மண்டைய உடைக்காதீரும்" என்றது நரி. "இந்தச் சின்ன டிஎஸ்எல்ஆர் போதும். லென்ஸ் கூடவே வருது. ஒரு மெமரி கார்டு போட்டுக்கிடும். ஒரு வருஷம் எடுத்துப் பழகும். அப்புறமும் ஆசை இருந்தா மத்ததப் பாப்போம். இப்ப வேற எதுவும் வேண்டாம்."

கோமதிநாயகத்துக்குக் கலவரமாகிவிட்டது. ஒரு கடைக்காரர், அதுவும் நரி, வேண்டாம் என்கிறது! இதில் என்னமோ பெரிய உள்குத்து இருக்கிறது. "நாலு பேர்கிட்ட விசாரிச்சிட்டு வாரேன் அண்ணாச்சி" என்று நைசாக நழுவியது. நழுவி முடிக்க அரை நாள் ஆயிற்று.

பாறை உச்சியில், சிக்னல் கிடைக்கிற ஒரே இடத்தில், தளவாய் என்ற கருமந்தி வீடியோ சானல் நடத்திக்கொண்டிருந்தது. புதுக் கேமராக்களை விமர்சனம் செய்வதுதான் அதற்குத் தொழில். இதுவரை ஒரு படமும் எடுத்ததில்லை. அட்டைப்பெட்டி பிரிப்பதில் மட்டும் கில்லாடி.

"அந்த நரி காட்டுன மாடலா? தூ!" என்று தளவாய் துப்பியது. "அது போன வருஷத்துச் சரக்கு. அடுத்த மாசம் புதுசு வருது. இப்பப் போயி பாடி வாங்குவாங்களா?"

பாடி என்றால் கேமராவேதான். விஷயம் தெரிந்தவர்கள் கேமராவைக் கேமரா என்று சொல்வதில்லை.

"பாடி வருஷத்துக்கு ஒண்ணு மாறும் வே. லென்ஸ்தான் நிலைச்சு நிக்கும். அத மொதல்ல வாங்கும். நீளமா, என் வால் நீளத்துக்கு வாங்கும்."

"எனக்கு வாலே கிடையாதே."

"அப்பக் கட்டாயம் வாங்கணும்!"

கோமதிநாயகம் மூன்று வருஷமாகச் சேர்த்துவைத்திருந்த மரப்பிசினைக் கொண்டுபோய் நரியிடம் கொடுத்து, தன் உடம்பைவிட நீளமான லென்ஸ் ஒன்றை வாங்கியது. அதைத் தோளில் சாய்த்துத் தூக்கி வரும் வழியில் குளக்கரைக் கொக்கு பார்த்துவிட்டது. கை நடுங்கினால் படம் போச்சு, முக்காலி ஸ்டாண்டு இல்லாமல் எவன் படம் எடுப்பான் என்று ஒற்றைக் காலில் நின்றபடியே ஒரு மணி நேரம் பேசியது. ஸ்டாண்டை வாங்கி வந்தால் ஆமை மறித்தது. "இவ்வளவையும் எதுல வச்சுத் தூக்குவீரு? நல்ல கெட்டியான பை வாங்கும்." பை வாங்கியாயிற்று. பையில் பதினெட்டு அறைகள். காலி அறையைப் பார்க்கப் பார்க்க கோமதிநாயகத்துக்கு மனசு ஆறவில்லை. ஃபிளாஷ், குடை, ஃபில்டர், தூசி தட்ட ஒரு பிரஷ், அந்தப் பிரஷ்ஷைத் துடைக்க ஒரு துணி என்று ஒவ்வொன்றாக வாங்கி ரொப்பியது.

ஒவ்வொரு தடவையும் நரி கேட்டது. "எல்லாஞ் சரி வே, கேமரா?"

"புது மாடல் வரட்டும் அண்ணாச்சி."

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது நரிக்கே பொறுக்கவில்லை. "காசு வேண்டாம் வே! சும்மா கொண்டு போரும், கல்யாணம் முடிஞ்சு திருப்பிக் குடும்!"

சும்மாவா? சந்தேகமே இல்லை, அதில் கோளாறு இருக்கிறது. கோமதிநாயகம் திரும்பிப் பாராமல் நடந்தது.

கல்யாணத்தன்று காலையில் தளவாய் சானலில் அறிவித்தது: புது மாடல் வர இன்னும் ஆறு மாதம் ஆகும். கோமதிநாயகத்தின் கையில் கேமரா இல்லை. ஓடிப்போயிருக்கலாம். ஆனால் தேவாங்கு எவ்வளவு ஓடினாலும் முகூர்த்தத்துக்குள் பந்தலைத் தாண்டாது. வேறு வழியில்லாமல் உள்ளே வந்தது. பகல் வெளிச்சம் கூசும் என்று கறுப்புக் கண்ணாடி வேறு போட்டிருந்தது.

அந்தப் பையைக் கண்டதும் கூட்டம் விலகி வழிவிட்டது. ஸ்டாண்டு விரிந்தது. அதன் மேல் அந்த நீள லென்ஸ் மட்டும் ஏறியது. பின்னால் ஒன்றும் இல்லாதது தெரியாமலிருக்க, கோமதிநாயகம் ஒரு கறுப்புத் துணியைப் போர்த்தி அதற்குள் தலையை விட்டுக்கொண்டது. படம் எடுக்க இல்லை, அழ. கண்ணைத் துடைக்க மெல்லக் கையைத் தூக்கினால், மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் அந்தப் பக்கம் நகர்ந்து நின்றார்கள். இறக்கிய கை ஃபிளாஷில் பட்டுப் பளிச்சென்று அடித்ததும் எல்லாரும் பல்லைக் காட்டினார்கள். மாப்பிள்ளை அணில், கேட்காமலேயே, படத்துக்காக நாலு தடவை தாலி கட்டியது.

"ஏய், அதுல கேமராவே இல்ல!" என்று பின்னாலிருந்து நரி கத்தியது.

"வியாபாரம் போச்சுன்னு வயித்தெரிச்சல்" என்று சொல்லி, அதைக் கடைசிப் பந்திக்குத் தள்ளிவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து ஆவுடை, "யண்ணே, ஆல்பம்?" என்றது.

"எடிட்டிங்ல இருக்கு, தங்கச்சி."

கல்யாண போட்டோக்காரர் எவரும் வேறு பதில் சொல்லி ஆவுடை கேட்டதில்லை. சரி என்று போய்விட்டது. மூன்று மாதம் கழித்தும் எடிட்டிங். ஆவுடைக்குக் குட்டிகள் பிறந்தபோதும் எடிட்டிங். ஆல்பத்தை இவ்வளவு இழுத்தடிக்கிறவர் பெரிய ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று ஏழெட்டுக் கல்யாண வீட்டார் கோமதிநாயகத்தைத் தேடி வந்தார்கள். அதற்கோ சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒருநாள் ஆவுடையின் கூட்டுக்குப் போய், காலில் விழாத குறையாகச் சொல்லிவிட்டது.

"தங்கச்சி, அன்னைக்கு எங்கிட்ட கேமராவே இல்ல. ஒரு படங்கூட எடுக்கல. உன்ன ஏமாத்திட்டேன்."

ஆவுடை கொறிப்பதை நிறுத்தியது. "ஒண்ணுகூட இல்லையா?"

"ஒண்ணுகூட இல்ல."

கோமதிநாயகம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கடிக்குக் காத்திருந்தது. கடி விழவில்லை.

"அப்பாடா!" என்றது ஆவுடை. "என் நாத்தனா ஆல்பத்தப் பாத்தீங்களா? கன்னம் உப்பி, ஒரு கண்ணு மூடி... பாக்குதவ எல்லாம் சிரிக்கா. நான் மட்டும் ஒரு வருஷமா, 'என் படம் வரட்டும், அப்புறம் பாருங்க'ன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதேன். எல்லாத்துக்கும் வயிறு எரியுது. படம் வராத வரைக்கும் இந்தக் காட்டுலயே அழகான பொண்ணு நான்தாம்ணே. வந்துட்டா வெறும் அணிலு."

அது வாலால் கோமதிநாயகத்தின் கண்ணீரைத் துடைத்துவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்தியது.

"என் குட்டிங்க மேல சத்தியம் பண்ணுங்க. நீங்க கேமரா வாங்கவே கூடாது."

கோமதிநாயகம் மெதுவாகக் கையை நீட்டிச் சத்தியம் செய்தது.

நீதி: கேமரா இல்லாமல் எடுத்த படத்தில் எவருக்கும் தொப்பை தெரிவதில்லை. ஆகவே முதல் கேமரா வாங்க நினைப்போர் அவசரப்படாமல் அடுத்த மாடலுக்குக் காத்திருக்கவும்.