வலது பக்கத்து மட்கார்டு

வியாழக்கிழமை காலை, காபிக் கோப்பையை மேசையில் டொக்கென்று வைத்துவிட்டு என் புருஷன் ஓபேத் அறிவித்தார்.

"யாரி, இனிமே இது குடும்பக் கார் கிடையாது."

"அப்போ குடும்பம்?"

"குடும்பம் அப்படியேதான் இருக்கும். காருக்குத்தான் பிரமோஷன்."

கார் என்றால், எங்கள் போர்டிகோவில் ஒன்றரை வருஷமாக நாலு கட்டைமேல் தவம் செய்துகொண்டிருந்த பழைய கரோலா. எங்கள் கல்யாணத்தைவிட அதற்கு வயது அதிகம். என்னைவிடவும் அதிகம்.

"பின் சக்கரம் ரெண்டும் இவ்வளவு அகலத்துல போடப் போறேன்." கையை விரித்துக் காட்டினார். கோப்பை கீழே விழுந்தது. அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. "அதை மூடறதுக்கு அகல மட்கார்டு. கடையில வாங்கறது இல்ல, என் கையாலயே! அடுத்த மாசம் கடைசி ஞாயிறு, ஊர் நடுவுல பிளாசா மைதானத்துல கார்க் காட்சி. யபுகோவா ஊர் மொத்தமும் வாயைப் பொளக்கணும்."

பிளக்கட்டும். எனக்கும் ஆசைதான்.

"அப்புறம், பின் சீட்டைக் கழட்டிடறேன்."

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

"ஏன்?"

"அகல மட்கார்டு வச்ச கார்ல பின் சீட் இருந்தா, பந்தயக் குதிரை மேல அரிசி மூட்டை ஏத்தின மாதிரி. கனம்!"

"அமாயா எங்க உட்காருவா?"

"எட்டு மாசக் குழந்தை. அவ எங்க போறா?"

எங்கே போகிறாளா! தடுப்பூசிக்கு யார் போகிறார்கள்? நான் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறவள். ஒரு தோளில் துணி மூட்டை, இன்னொரு தோளில் அமாயா, உச்சி வெயிலில் மேட்டு ரோடு ஏறி வேனுக்குக் காத்து நிற்கிறவள். கார் ஓடும் நாளில் பின் சீட்டில் குழந்தை நாற்காலியைக் கட்டி, பக்கத்தில் மூட்டையை வைத்து, ராணி மாதிரி போகலாம் என்று ஒன்றரை வருஷமாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆனால் எனக்கு வாய் வராது. நாலு பேர் முன்னால் வராது என்பார்கள் சிலர். எனக்கு ஒருத்தர் முன்னாலேயே வராது. நான் அடுத்த வார்த்தையைத் தேடுவதற்குள் சீட்டை எதிர்வீட்டு தோன் சிஸ்தோவுக்குத் தாரை வார்த்துவிட்டார். அவருக்குப் பால்கனியில் சோபா வேண்டுமாம். காட்சிக்கு முந்தின நாள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. தோன் சிஸ்தோ அன்றைக்கே அளவு நாடாவோடு வந்து அளந்தார். உட்கார்ந்தும் பார்த்தார்.

"மெத்து மெத்துன்னு இருக்கு மகளே," என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறாராம்.

வேலை ஆரம்பமானது. பெருமையாகவே சொல்கிறேன், என் புருஷனுக்குக் கைவேலை வரும். விடியலில் ரொட்டி வேன் ஓட்டப் போனால் சாயங்காலம் நாலு மணிக்கு வருவார். வந்ததும் வராததுமாகக் காரடியில் உட்கார்ந்துவிடுவார். முதல் வாரத்திலேயே எஞ்சினை உறும வைத்து, அகலச் சக்கரங்களை மாட்டி, கட்டைகளை உருவிவிட்டார். இடது சக்கரத்துக்கு மேலே நுரைக் கட்டிகளை ஒட்டினார். என் ரொட்டிக் கத்தியால் செதுக்கினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரொட்டியைக் கையால் பிய்த்தோம். பட்டி பூசினார், உப்புத்தாள் போட்டார். மறுபடி பட்டி, மறுபடி உப்புத்தாள். துவரங்காய்ச் சோறுகூட நறநறவென்றது.

ஆனால் முடிந்தபோது பார்க்கவேண்டுமே! கரோலா இடுப்பில் கைவைத்து நிற்கிற மாதிரி ஒரு வளைவு. தடவிப் பார்த்தேன். அமாயாவின் கன்னம் போல, விரல் எங்கேயும் தட்டவில்லை.

அதன்மேல் மெழுகு தேய்த்து, ஃபைபர் துணியும், காய்ந்தால் கல்லாகிற ரெசின் பசையும் போட்டு அச்சு எடுத்தார். அச்சிலிருந்து ஒரு மட்கார்டு வார்த்தார். பிரமாதம். அதே அச்சிலிருந்து இன்னொன்று வார்த்தார். அதுவும் பிரமாதம். இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிவைத்து, எட்ட நின்று ரசித்தார்.

நான் கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். சட்டைக் கை வெட்டுகிற எவளுக்கும் இது தெரியும். ஒரு கை வெட்டியதும் மாதிரிக் காகிதத்தைத் திருப்பிப் போட்டுத்தான் அடுத்த கை வெட்டவேண்டும். இல்லாவிட்டால் இரண்டுமே இடது கை. இடதும் வலதும் ஒன்றுக்குள் ஒன்று எப்படி உட்காரும்?

"ஓபேத்... ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு அப்படியே உட்காருதே."

"பார்த்தியா! மயிரிழை வித்தியாசம் கிடையாது!"

"அதில்ல... சட்டைக் கை வெட்டறப்போ..."

"யாரி, சட்டை வேற, கார் வேற."

"வலது பக்கம் ஒரு தடவை வச்சுத்தான் பாரேன்."

"அளவெடுத்துச் செஞ்சதை எதுக்கு வச்சுப் பார்க்கணும்? பெயின்ட் அடிச்சு, கடைசி சனிக்கிழமை ரெண்டையும் ஒரே மூச்சுல மாட்டுவேன். நீ போய் ஊசியில நூலைக் கோரு."

நூல் கோர்க்கப் போனேன்.

காரின் வலது பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. அந்தச் சந்தில் என் துணி மூட்டைகள். அங்கே அவர் எட்டிப் பார்த்ததே இல்லை. மறுநாள் ரொட்டி வேன் கிளம்பியதும் அமாயாவை உள் அறையில் தூங்கவைத்துக் கதவைச் சாத்தினேன். அவர் செய்த மட்கார்டின் மேல் பழுப்புக் காகிதத்தைப் போட்டு, துண்டு துண்டாக வளைவை வரைந்து வெட்டினேன். அத்தனையையும் திருப்பிப் போட்டேன். மிச்சமிருந்த நுரைக் கட்டிகளை வலது சக்கரத்துக்கு மேல் ஒட்டி, காகிதம் சொன்ன இடத்திலெல்லாம் செதுக்கினேன். அச்சு எனக்கு எதற்கு? ஒன்றுதானே வேண்டும். நுரைமேலேயே நேராகத் துணியை விரித்து ரெசின் தடவினேன்.

ஃபைபர் துணி கொஞ்சம் பற்றாது போலிருந்தது. அதனால் முதல் அடுக்குக்கு, கையெட்டும் தூரத்தில் கிடந்த யூனிஃபார்ம் துணியை விரித்தேன். சிவப்பும் பச்சையும் கட்டம் போட்டது. காய்ந்ததும் கழற்றி, உள்ளேயிருந்த நுரையைச் சுரண்டி எடுத்து, மேலே மட்டும் பட்டி பூசித் தேய்த்தேன். பத்து நாள் ஆனது. வீடு முழுக்க ஏற்கெனவே ரெசின் நாற்றம். நான் ஒரு டப்பா கூடக் கலக்கினது யார் மூக்குக்குத் தெரியப் போகிறது? அவருடைய ஆரஞ்சுப் பெயின்டிலேயே மேலே இரண்டு கை அடித்து, மூட்டைக்கு அடியில் ஒளித்தேன்.

சனிக்கிழமை வந்தது. காரை வெளியே தள்ளினார். இடது பக்கம் கச்சிதமாக உட்கார்ந்தது. வலது பக்கம் வந்தார். வைத்தார். முன்னால் இருக்கவேண்டிய சரிவு பின்னால் நின்றது. தலைகீழாகப் பிடித்தார். உள்வெளியாகப் பிடித்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து மறுபடியும் வைத்தார். அதற்குள் மட்கார்டுக்கு மனசு மாறியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

"யாரி! இந்தப் பக்கம் கார் சுருங்கிப்போச்சா?"

"கார் எப்படிச் சுருங்கும்?"

மட்கார்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாளைக்குக் காட்சி. ஊரெல்லாம் சொல்லிவச்சிருக்கேன். ரொட்டி போடற கடை ஒண்ணு விடாம சொன்னேனே!"

எதிர்வீட்டிலிருந்து தள்ளுவண்டி கிறீச்சிடுகிற சத்தம். தோன் சிஸ்தோ சீட்டுக்கு வருகிறார்.

மூட்டைக்கு அடியிலிருந்து என்னுடையதை எடுத்துவந்து சக்கரத்துக்கு மேல் வைத்தேன். உட்கார்ந்தது. ஓபேத் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார்.

"இது... யாரு?"

"நூல் கோர்க்கப் போனேன்ல, அப்போ செஞ்சது."

நன்றாகத் தடவிப் பார்த்தார். விரல் தட்டவில்லை போலிருக்கிறது. குரல் இறங்கிவிட்டது. "யார்கிட்டயும் சொல்லாதே யாரி. என் மானம் போயிடும்."

"நான் யார்கிட்டப் பேசறேன்? ஆனா அந்த சீட்..."

"இருக்கட்டும்! நீ வாயைத் திறக்காத வரைக்கும் அது உன் சீட்! சத்தியம்!"

தள்ளுவண்டி வாசலுக்கு வந்துவிட்டது. ஓபேத் உபரி மட்கார்டைத் தூக்கி அதில் வைத்தார்.

"சீட்டு எங்கேப்பா?"

"சீட்டைவிட இது உசத்தி, தோன் சிஸ்தோ."

"இதுல எப்படி உட்காருறது?"

"இதுல செடி வைங்க. பக்கத்துல நின்னு பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை பிளாசாவில் எங்கள் ஆரஞ்சு கரோலாவைச் சுற்றித்தான் கூட்டம். நான் பின் சீட்டில். பக்கத்தில் அமாயா, நாற்காலியில் வாரோடு. "ரெண்டும் இந்தக் கையாலதான்!" என்று ஓபேத் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். நான் உதட்டை இறுக மூடிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு சின்னப் பெண் குனிந்து வலது சக்கரத்துக்கு மேலே தலையை விட்டாள்.

"அம்மா! இந்தக் கார் என் ஸ்கூல் பாவாடையைப் போட்டிருக்கு!"

அவள் அம்மா குனிந்தாள். பின்னால் பத்துப் பேர் குனிந்தார்கள். மட்கார்டின் உள்பக்கம், ரெசினுக்குள் கண்ணாடி போட்ட மாதிரி, சிவப்பும் பச்சையும் கட்டம். அந்தத் துணியை யபுகோவாவில் யார் தைக்கிறார்கள் என்று தெரியாதவர் கிடையாது. எல்லாத் தலையும் பின் சீட்டின் பக்கம் திரும்பியது. நான் அமாயாவின் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டேன். காது மட்டும் திறந்திருந்தது.

"இடதைவிட வலது நல்லா வந்திருக்கே," என்றார் பட்டறைக்காரர் ஒருவர். இன்னும் இரண்டு தடவை சொல்லமாட்டாரா என்று இருந்தது.

வீடு திரும்பும்போது பாதி வழி வரைக்கும் ஓபேத் ரோட்டையே பார்த்து ஓட்டினார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. ஒப்பந்தம் முடிஞ்சது. சீட்டைக் கழட்டறேன்."

"ஓபேத், நான் வாயைத் திறந்தேனா?"

யோசித்தார். மேட்டு ரோடு முழுக்க யோசித்தார்.

"சரி, சீட் இருக்கட்டும். ஒண்ணு மட்டும் சொல்லு யாரி. அந்தக் கட்டத் துணியை நீ தெரியாமத்தானே போட்டே?"

நான் வாயைத் திறக்கவில்லை.